பிடிமண் எடுத்த மறுநாள்

"ஆடி, மூன்றாம் செவ்வாய். பிடிமண் எடுத்தாயிற்று. நாளை முதல் வழி திறக்கும். ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் தங்கை வீட்டில் பால் காய்ச்சிவிடலாம்."

நாட்காட்டியில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் சென்ற ஆண்டு நான் எழுதிய குறிப்பு இது. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இப்படி எழுதும் பழக்கம். தேதியும் கிழமையும் தாளிலேயே அச்சாகியிருக்கும். பின்னால் ஞாபகத்தை நம்பி யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. இந்தத் தாளில் முதலில் சொன்னது நடந்தது. அடுத்துச் சொன்னது நாங்கள் நினைத்தபடி நடக்கவில்லை. கடைசியாகச் சொன்னதற்காகத்தான் மற்ற எல்லாப் பாடும் பட்டோம்.

தங்கை மனை வாங்கிய இடம், பாளையங்கோட்டையிலிருந்து வரும் டவுன் பஸ் வட்டமடித்துத் திரும்பும் நிறுத்தத்துக்கும் அப்பால் இருக்கிறது. ஆற்றுக் கால்வாயின் கடைசி வயல்கள். காரும் பிசானமுமாக இரண்டு போகம் நெல் விளைந்த நஞ்சை என்று பழைய பத்திரங்கள் சொல்கின்றன. நாங்கள் முதன்முதலில் போய்ப் பார்த்தபோது வயல் இல்லை. செம்மண் கொட்டி மேடாக்கி, மஞ்சள் வண்ணமடித்த கற்களை வரிசையாக ஊன்றி, நுழைவாயிலில் ஒரு வளைவும் கட்டியிருந்தார்கள். வளைவுக்குள் நுழைந்தால் ஒரே ஒரு சாலை. அந்தச் சாலை பாதி தூரம் போய் ஒரு சுடலைமாடன் பீடத்தில் முட்டி நின்றது.

அது கட்டடக் கோவில் அல்ல, கூரை கிடையாது. ஆள் மார்பளவுக்கு, மேலே போகப்போகக் குறுகும் செங்கல் பீடம். சுண்ணாம்பு அடித்துக் காவிப் பட்டை இழுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு சிறிய பீடங்கள், ஒரு வேப்பமரம். எங்கள் பக்கத்தில் எந்தக் குளத்தங்கரையிலும் இதைக் காணலாம். ஆனால் மனை விற்கும்போது கொடுத்த வரைபடத்தில் இது இல்லை. அதில் சாலை, அளவுகோல் வைத்து இழுத்த இரண்டு கோடுகளாக, வளைவிலிருந்து கடைசி மனைவரை நேராகப் போயிற்று.

தங்கையின் கணவர் அன்றைக்கே தரகரிடம் கேட்டார். மனைகளை விற்றுக்கொடுத்த தரகர் கடற்கரை ஊர்க்காரர். கத்தோலிக்கக் குடும்பம், அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் துறைமுகத்தில் கொஞ்சகாலம் இருந்துவிட்டு நிலம் விற்க வந்தவர். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். குரலை உயர்த்திப் பேச மாட்டார்.

"அது கெடக்கு சார். கம்பெனிக்காரங்க பேசி முடிச்சிருவாங்க. ரோடு போடுதப்ப அது அங்கன இருக்காது" என்றார்.

பீடத்தை ஒட்டி இருந்ததாலேயே யாரும் வாங்காமல் கிடந்த மனை அது. அதனால்தான் தங்கை குடும்பத்தின் கைக்கு எட்டியது. வாங்கியதும் முதல் வேலையாகத் தங்கையின் கணவர் சாலையோரம் சுற்றுச்சுவர் எழுப்பினார். மனையை ஒருவன் ஒரு விரற்கடை தின்றுவிடுவான் என்ற பயம் வீடு கட்டும் எல்லாருக்கும் உண்டு. பிறகு வீட்டு வேலை தொடங்கியது. செங்கலும் ஜல்லியும் ஏற்றிய லாரிகள், பீடத்துக்கும் சுவருக்கும் நடுவே நுழைய முடியாமல், பீடத்தின் முன்னாலிருந்த வெற்றிடத்தில் ஏறி இறங்கிப் போயின. அந்த வெற்றிடம் கொடை விழாவின்போது சாமிக்குப் படையல் போடுகிற இடம் என்பது எங்களுக்குத் தெரியும். லாரி ஓட்டியவர்களுக்கும் தெரிந்திருக்கும். மழையில் அங்கே சக்கரத்தடங்கள் பள்ளமாகி, தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

ஆனி மாதம் தளம் போட்டு முடித்தார்கள். பூச்சு வேலைக்கு மணல் வரவேண்டும். மின்கம்பம் நட வண்டி வரவேண்டும். அந்த வாரத்தில் மனைப்பிரிவு போட்ட கம்பெனிக்காரர்கள் பள்ளத்தை நிரவ ஒரு ஜேசிபியை அனுப்பினார்கள். அதன் வாளி பட்டுப் பீடத்தின் ஒரு மூலை பெயர்ந்து விழுந்தது.

மறுநாள் சாலையின் குறுக்கே உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தார்கள்.

"ஆனி, கடைசி ஞாயிறு" என்ற தாளில் அன்று கேட்ட பேச்சை எழுதி வைத்திருக்கிறேன். முள்ளுக்கு முன்னால், வேப்பமர நிழலில், ஒரு பெண் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துச் சிற்றூரில் அந்தப் பீடத்துக்கு வரி கொடுத்துக் கும்பிடும் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். வயது என் தங்கையைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். மடியில் முறம்போன்ற சுளகு, சுளகில் புகையிலைத் தூளும் நறுக்கிய இலையும். கண் இலையிலேயே இருந்தது. பேச்சு மட்டும் எங்களிடம் வந்தது.

"யாரு, வீடு கெட்டுத ஆளுகளா? நடந்து போறதுக்குத் தடையில்ல. அந்தா, ஓரமாப் போங்க. லாரி மட்டும் வரப்பிடாது."

"எங்க வீடு அது. சாமானெல்லாம் எப்படிக் கொண்டு போக?" என்றாள் தங்கை.

"தலையில செமங்க. எங்க சாமிக்கு மூலை ஒடஞ்சு கெடக்கு. அதுக்கு யாரு சாமான் கொண்டு வருவா?"

"நாங்களா ஒடச்சோம்?"

"நீங்க ஒடைக்கல தாயி. நீங்க வாரதுக்காவ ஒடச்சாங்க."

சொல்லிவிட்டுப் பீடியின் வாயை நகத்தால் மடித்து உள்ளே குத்தினார்.

தங்கையின் அவசரத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் சொந்தக்காரருடைய மகன் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்புகிறார். ஆவணி முடிவதற்குள் காலி செய்து தரவேண்டும் என்று முறையாகவே சொல்லிவிட்டார்கள். ஆவணியை விட்டால் புரட்டாசி. யாரும் புதுவீடு புகமாட்டார்கள். அதற்கப்புறம் ஐப்பசி மழை. அந்த மண்சாலையில் ஆள் நடப்பதே கஷ்டம். தங்கையின் மாமியார் படுத்த படுக்கை. அவரை இன்னொரு வாடகை வீட்டுக்குத் தூக்கிப்போய், மறுபடி அங்கிருந்து தூக்கி வரத் தங்கைக்குத் தைரியம் இல்லை. ஆகவே ஆவணிக்குள் லாரி போகும் வழி வேண்டும். அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

வழி கிடைக்கவில்லை. வளைவுக்குப் பக்கத்தில் இறக்கிய மணல் அங்கேயே கிடந்தது. நாய்கள் அதில் குழி பறித்துப் படுத்துக்கொண்டன. கொத்தனார் கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலைக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். "வழி ஆனா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கை தினமும் காலையில் பஸ் பிடித்துப் போய், பூசாத வீட்டுக்குள் ஒருமுறை நடந்துவிட்டுத் திரும்பினாள். போகும்போதும் வரும்போதும் அந்தப் பெண்ணைக் கடந்தாக வேண்டும். முதலில் முகம் பார்க்காமல் போனாள். பிறகு இருவரும் ஏதாவது ஒன்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்கள். பெரும்பாலும் குத்தல்தான்.

"இன்னைக்கு எத்தன கட்டு ஓடிச்சு?" என்று இவள் கேட்பாள்.

"ஒங்க வீட்டுச் சொவரு எம்புட்டு ஒசந்திருக்கோ, அம்புட்டு" என்று அவர் சொல்வார்.

ஆடி பிறந்ததும் அண்ணாச்சி ஒரு யோசனையோடு தங்கை வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன்.

"பூங்காவுக்குன்னு விட்ட எடம் மூலையில சும்மா கெடக்கு டீச்சர்" என்றார் என்னிடம். நான் டீச்சர் இல்லை என்று சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டிருந்தது. "அங்கன புதுசாப் பீடம், கூரை போட்டு, தரைக்குக் கல்லும் பதிச்சுக் கம்பெனியே கெட்டித் தருது. இங்கன இருந்து பிடிமண் எடுத்துட்டுப் போயி அங்கன வச்சிர வேண்டியதுதான். அவங்ககிட்டயும் பேசிட்டேன். சந்தோசமாச் சரின்னுட்டாங்க."

"நிசமாவே சரின்னாங்களா?" என்றாள் தங்கை.

"எங்கம்மா மேல சத்தியமா. கிடாவும் கம்பெனி வாங்கித் தருது."

பிடிமண் என்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம். ஒரு சாமி இருக்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை முறைப்படி எடுத்துப்போய் வேறிடத்தில் வைத்து, அங்கே அந்தச் சாமியை நிலைகொள்ளச் செய்வது. பிழைக்கப் போன குடும்பங்கள் இப்படித்தான் தங்கள் சாமியைக் கூடக் கொண்டுபோயின. சாத்தான்குளத்துப் பனங்காட்டிலிருந்து எடுத்த மண் சென்னையில் கோவிலாகி நிற்கிறது என்பார்கள். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் சாஸ்தாவும் மலையடிவாரத்திலிருந்து பிடிமண்ணாக வந்தவர்தான். ஆகையால் அண்ணாச்சி சொன்னது எங்களுக்குப் புதிதாக இல்லை. நல்ல வழியாகவே தெரிந்தது. தங்கையின் கணவர் அன்று மாலையே கொத்தனாருக்குப் போன் போட்டார்.

மூன்றாம் செவ்வாய் மத்தியானத்துக்குமேல் பிடிமண் எடுத்தார்கள். நாங்களும் போயிருந்தோம். அந்தச் சாமிக்கு ஆடுகிறவர் ஆலையில் மூட்டை தூக்கும் வேலை பார்ப்பவர். அன்று மேளம் ஏறியதும் அவர் உடம்பு நடுங்கத் தொடங்கியது. பீடத்தின் அடியில் கைவிட்டு மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் வைத்தபோது அவர் விரல்கள் அந்தத் துணியை விடவில்லை. கொடைக்கு வரி பிரிக்கும் பெரியவர் பைய விரல் விரலாகப் பிரித்து வாங்கிப் புதுக்கலயத்தில் வைத்தார். பெண்கள் குலவையிட்டார்கள். என் தங்கையும் சேர்ந்து குலவையிட்டாள். பீடி சுற்றும் பெண் திரும்பிப் பார்த்தார்.

"பரவால்லயே. பாளையங்கோட்டைக்காரியளுக்கும் குலவ வருதே."

"எங்களுக்கும் பிடிமண் சாமிதான். வராம என்ன?" என்றாள் தங்கை, முதல்முறையாகச் சிரித்துக்கொண்டு.

கலயம் பூங்கா மூலைக்குப் போயிற்று. மேளமும் கூட்டமும் அதன் பின்னால் போயின. நான் மட்டும் கொஞ்சம் பின்தங்கினேன். பெரியவர் பழைய பீடத்திடமே நின்றுகொண்டிருந்தார். மண் எடுத்த குழியில் புதுமண் போட்டு நிரப்பிப் பால் தெளித்தார். பிறகு ஒரு சின்னச் சட்டியில் சிமெண்டு குழைத்து, ஆனியில் உடைந்த மூலையை ஒட்டி, கையாலேயே பூசி, மேலே சுண்ணாம்பும் அடித்தார். அதை நான் பார்த்தேன். தங்கையின் கணவரும் திரும்பி வந்தபோது பார்த்தார். நாளைக்கு எடுத்துவிடப்போகிற ஒன்றுக்கு இன்றைக்கு எதற்கு மூலை பூச வேண்டும் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பிடிமண் பற்றி நான் படித்தவரை, எல்லாரும் மண் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எடுத்த குழி என்ன ஆகிறது என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

அன்று வந்து எழுதியதுதான் முதலில் சொன்ன குறிப்பு.

புதன் காலை நாங்கள் மூவரும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஜேசிபி சத்தம் கேட்டது. முள் பாதி விலகிக் கிடந்தது. பீடத்துக்குச் சில அடி தூரத்தில் இயந்திரம் வாளியைத் தூக்கியபடி நின்றது. அதற்கும் பீடத்துக்கும் நடுவில் பீடி சுற்றும் பெண், சுளகை இடுப்பில் இடுக்கியபடி. அவருக்குப் பின்னால் ஊரிலிருந்து ஓடிவந்தவர்கள். முந்தின நாள் சாமியாடியவர் கைலியோடு, வேலைக்குப் போகும் வழியில் வந்தவர்போல் நின்றார். கையில் கடப்பாரை இருந்தது. பாதுகாப்புக்கென்று மனைப்பிரிவுக்காரர்கள் கேட்டு வாங்கிய போலீஸ் ஜீப் ஒன்று வளைவருகே இருந்தது. இளவயது சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நேத்துதான கிடா வெட்டிச் சாப்பிட்டிய? இன்னைக்கு வந்து மறிச்சா எப்படி?" அண்ணாச்சியின் குரல் அன்றுதான் உயர்ந்து கேட்டது.

"சாப்பிட்டோம். அதுக்கு?"

"சாமி மாறியாச்சுல்லா?"

"மாறியாச்சா? யாருவே சொன்னா மாறியாச்சுன்னு?" என்றார் சாமியாடி.

"பிடிமண் எடுத்தியளா இல்லையா?"

"எடுத்தோம். அங்கன ஒண்ணு ஆச்சு. அதுக்காவ இங்கன இருக்கது இல்லன்னு ஆயிருமா? புள்ளய கெட்டிக் குடுத்தா பெத்தவள வீட்ட விட்டு வெரட்டிருவீரா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஏமாற்ற நினைத்துப் பிடிபட்டவர் முகமாக அது எனக்குத் தோன்றவில்லை.

"மாதாவே" என்றார். "எங்க ஊர்ல புதுக்கோவில் கெட்டி, ஆயர் வந்து மந்திரிச்சிட்டா, சுரூபம் அங்கன போயிரும். பழைய கோவில எடுத்துருவோம். அதுல ஒண்ணும் இருக்காதுல்லா. அதே மாதிரின்னுல்ல நான் நெனச்சேன்."

"அது ஒம்ம ஊரு, அண்ணாச்சி. இது சொடலை. இவன் பெருகுவான், நவுர மாட்டான்" என்றார் சாமியாடி.

"கம்பெனிக்கு நான் என்ன சொல்லுவேன்? இன்னைக்கு ரோடு போடுத லாரி வருது."

"வரட்டும். வந்து என் மேல ஏத்தட்டும்" என்றார் பீடி சுற்றும் பெண். சத்தம் போடவில்லை. சுளகில் இருந்த தூளைக் காற்றில் பறக்காமல் கையால் மூடிக்கொண்டார்.

ஜேசிபிக்காரர் இயந்திரத்தை நிறுத்தாமல் எல்லார் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். சாமியாடி கடப்பாரையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். சப்-இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தார்.

"நான் வேற மாவட்டம். எனக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது" என்றார். "ரெண்டு கட்சியும் கத்த வேண்டாம். பொதுவான ஆள் யாராவது ஒழுங்காச் சொல்லுங்க. மண் எடுத்துட்டா பழைய இடம் காலியா, இல்லையா?"

அண்ணாச்சி என் தங்கையைக் காட்டினார். "இவங்கள கேளுங்க சார். இந்தப் பக்கத்து ஆளுகதான். சாமி கும்பிடுத குடும்பம். இவங்க சொல்லட்டும்."

கூட்டம் முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. தங்கையின் கணவர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னார்: "ஆமான்னு சொல்லு. ஒரு வார்த்த. ஆவணிக்குள்ள உள்ள போயிரலாம்." நான் அவளுக்கு மறுபக்கம் நின்றேன். அவள் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது.

பீடி சுற்றும் பெண் கெஞ்சவில்லை. கேட்டார்:

"ஏ வீட்டுக்காரி. ஒங்களுக்கும் பிடிமண் சாமிதான்னு நேத்துச் சொன்னியல்லா. பங்குனி உத்திரத்துக்கு எங்க போவிய? தெருவுல இருக்கதுக்கா, மூலத்துக்கா?"

எங்கள் குடும்பம் ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் வேன் பிடித்து மலையடிவாரத்துக்குப் போகிறது. தெருக்கோடியில் சாஸ்தா இருந்தும் போகிறது. அந்த வருடமும் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்திருந்தோம். வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர் தங்கையின் கணவர்தான்.

"மூலத்துக்குத்தான்" என்றாள் தங்கை.

"அப்படின்னா?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"பிடிமண் எடுத்தா பழைய எடம் காலியாவாது சார். அங்கனயும் இருக்கும். இங்கனயும் இருக்கும்."

சப்-இன்ஸ்பெக்டர் ஜேசிபிக்காரரைப் பார்த்துக் கையசைத்தார். இயந்திரம் நின்றது. அந்த நிசப்தத்தில் தங்கையின் கணவர் திரும்பி வளைவை நோக்கி நடந்தார். போகும்போது என்னிடம், "மதினி, நீங்களாவது வாயத் தெறந்திருக்கலாம்" என்றார். நான் வாயைத் திறந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

அண்ணாச்சி ஒரு மனைக்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஊர்க்காரர்கள் கலையத் தொடங்கினார்கள். அப்போதுதான் தங்கை பேசினாள்.

"நில்லுங்க. நான் உள்ளதச் சொல்லிட்டேன். இப்ப எனக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போங்க."

பெரியவர்தான் சொன்னார்: "பீடத்துல கை வைக்காத வரைக்கும் நாங்க வழிய மறிக்கலம்மா. ஆனா முன்னால வண்டி ஏறப்பிடாது. அது சாமி பாக்குத எடம். படப்பு போடுத எடம்."

"அப்பம் பொறத்தால?"

"பொறத்தால எங்க எடம் இருக்கு?" என்றார் பீடி சுற்றும் பெண். "அங்கன ஒங்க சொவருல்லா நிக்கி."

எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள். தங்கையும் பார்த்தாள். பிறகு பீடத்தின் பின்பக்கம் போய், சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று, வீட்டை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் என்ன கணக்குப் போடுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. சுவரை எடுத்துச் சாலையை வளைத்தால், வாசலில் பைக்கும் பூச்செடியும் வைக்க விட்டிருந்த இடம் முழுவதும் போகும். வீட்டுப்படி சாலையில் இறங்கும். மாமியாருக்கென்று கட்டிய முன்னறையின் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் லாரியைத் தொடலாம்.

"அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். "அந்த மெசின இந்தப் பக்கம் திருப்பச் சொல்லுங்க."

அண்ணாச்சி எழுந்து வந்தார். "யக்கா, அவசரப்படாதிய. சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…"

"அவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன். பைய இடிக்கச் சொல்லுங்க. தளம் இன்னும் பச்சையா இருக்கு. அதிரக்கூடாது."

பீடத்துக்காக வந்த ஜேசிபி என் தங்கையின் சுற்றுச்சுவரை இடித்தது. இடிக்க அதிக நேரம் ஆகவில்லை. சுவர் ஒரே துண்டாகச் சாய்ந்தபோது ஊர்க்காரர்கள் பின்னுக்கு நகர்ந்தார்கள். பீடி சுற்றும் பெண் மட்டும் நகரவில்லை. தூசி அடங்கியதும் சுளகை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, மீதி முள்ளைத் தானே இழுத்து ஓரத்தில் போட்டார். இரண்டு பேர் உதவிக்குப் போனார்கள். தங்கை அதற்குள் விழுந்த செங்கற்களில் உடையாதவற்றைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையின் கணவர் மாலையில்தான் திரும்பி வந்தார். சுவர் இருந்த இடத்தைப் பார்த்தார். அன்றைக்கும் அடுத்த சில நாளைக்கும் அந்த வீட்டில் அவசியமான பேச்சு மட்டுமே நடந்தது. அதன் விவரம் எந்தத் தாளிலும் இல்லை.

மணல் போயிற்று. கொத்தனார் திரும்பி வந்தார். இரண்டு அறைக்கும் அடுப்படிக்கும் மட்டும் பூச்சு முடிந்தது. ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில், வெறும் சிமெண்டுத் தரையில் அடுப்பு வைத்துப் பால் காய்ச்சினாள் தங்கை. மாமியாரை வேனில் கொண்டுவந்தோம். பீடத்தின் பின்னால் வேன் வளையும்போது ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்துத் திருப்பினார்.

பீடி சுற்றும் பெண் படிக்கு வெளியே, அதாவது சாலையில், நின்றார். கையில் பீடத்துத் திருநீறு.

"பாலு எந்தப் பக்கமாப் பொங்கிச்சு?"

"கெழக்க" என்றாள் தங்கை.

"அப்பம் சரி." திருநீற்றைக் கொடுத்துவிட்டு, போகாமல் நின்றார். "ஒண்ணு சொல்லணும். கொடைக்கு இங்கன பந்தல் போடுவோம். கொடை முடியுத வரைக்கும் வண்டி போகாது."

"அத்தைக்குத் திடீர்னு ஒடம்புக்கு முடியாமப் போச்சுன்னா?"

"கொடை நேரத்துலயா?" அவர் கொஞ்சம் யோசித்தார். "அத அப்பம் பாப்போம்."

"அப்பம் பாக்க முடியாது. இப்பமே சொல்லுங்க."

"தூக்கிட்டுப் போக எங்க ஆளுக இருக்காங்க. அதுக்கு மேல நான் சொல்ல முடியாது, தாயி."

தங்கை திருநீற்றைப் பூசிக்கொண்டாள்.

புரட்டாசியில் பின்வரிசை மனைக்காரர் ஒருவர் அளவு நாடாவோடு வந்து, தங்கை வீட்டு வாசலில் நின்றே சாலை வளையும் இடத்தை அளந்தார். தனக்கு நேர்ச்சாலை என்று சொல்லித்தான் விற்றார்கள், வளைந்த சாலைக்குத் தான் சம்மதிக்கவில்லை, வரைபடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் வேண்டும் என்றார். "பீடம் என்ன ஆகும்?" என்று தங்கை கேட்டாள். "அது என் பிரச்சினை இல்லை" என்றார். அன்று வேப்பமரத்தடியில் மறுபடியும் கொஞ்சம் முள் வந்து கிடந்தது. சாலையில் அல்ல, எட்டும் தூரத்தில்.

அண்ணாச்சி சொல்வது: சாலையை வளைத்துக் காட்டும் திருத்திய வரைபடத்தை மனைப்பிரிவுக்காரர்கள் உரிய அலுவலகத்தில் கொடுத்துவிட்டார்கள், பீடமும் அதில் குறிக்கப்பட்டிருக்கிறது, தங்கை விட்டுக்கொடுத்த துண்டும் சாலையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. மனுவின் நகலை இரண்டு முறை கேட்டேன். "தாரேன் டீச்சர்" என்றார். என்னிடம் இருப்பது பழைய வரைபடம் மட்டும். அதில் சாலை இன்னும் அந்தப் பீடத்தின் ஊடாக நேராகப் போகிறது. என் தங்கை வீட்டு வாசலில் சுவர் இருந்த இடம் இன்னும் அவளுடைய மனையாகவே இருக்கிறது. திருத்திய வரைபடம் கொடுக்கப்பட்டதா, கொடுத்திருந்தால் ஏற்கப்பட்டதா என்பதை இதை எழுதும் நாள்வரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.